ஆர்டர் இந்தக் கையில்... அட்மிஷன் அந்தக் கையில்!

வேலை கிடைக்காத பையன் வீட்டுப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். வேலை கிடைத்த பையன் வீட்டுக்கு ஸ்வீட் சாப்பிட நாலு பேர் வருவார்கள். ஆனால் ஒரே வாரத்தில் வேலையும் கிடைத்து, மேல்படிப்புக்கு இடமும் கிடைத்த பையன் வீட்டுக்கு யோசனை சொல்ல ஜனம் வரும் பாருங்கள்... வாசலில் செருப்பு விட இடம் இருக்காது!

எங்கள் மாடி போர்ஷன் பையனுக்குப் போன வருஷம் ஜூன் மாதம் நடந்தது இதுதான். (பெயர் வேண்டாம். அவன் அப்பா இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர்.) அம்பத்தூரில் ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மேலே. பையன் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவன். வயது இருபத்து மூன்று.

ஒரு கடிதம், பொதுத்துறை வங்கியில் பி.ஓ. வேலைக்கான ஆர்டர். இன்னொன்று, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.எச்டி. சேரச் சொல்லி வந்த அழைப்பு. ஜே.ஆர்.எஃப். பரீட்சையும் பாஸ் பண்ணியிருந்தான். அதாவது, படிப்பதற்கு சர்க்காரே மாதாமாதம் பணம் கொடுக்கும். இரண்டுக்கும் பதில் சொல்ல அவகாசம் இருபது நாள்.

முதலில் வந்து இறங்கியவர் பெரிய மாமா. மின்வாரியத்தில் ரிடையரானவர். "பேங்க்குடா! சாகிற வரைக்கும் பென்ஷன்டா!" என்று ஒரே போடாகப் போட்டார்.

"இல்லீங்க, 2010 ஏப்ரலுக்கு அப்புறம் பேங்க்ல சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்துல பிடிச்சு மார்க்கெட்டுல போடற புதுத் திட்டம்தான்" என்றேன். ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று சொன்னவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

அடுத்து சித்தப்பா. "பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம். கல்யாணப் பத்திரிகையில அடிச்சா எப்படி இருக்கும்!" உடனே அத்தை: "அதுக்கு முதல்ல பொண்ணு கிடைக்கணுமே. இருபத்தெட்டு வயசு வரைக்கும் படிச்சுக்கிட்டு இருந்தா எவன் குடுப்பான்?"

எதிர்வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ராமானுஜம் போர்ட் டிரஸ்ட்ல கிளார்க்கா இருந்துக்கிட்டே கணக்குப் போடலையா? சர் சி.வி. ராமன் அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸ்ல இருந்துக்கிட்டே சயின்ஸ் பண்ணலையா? நீயும் பேங்க்ல இருந்துக்கிட்டே பண்ணுடா!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆபீஸ் போகிற நம் எல்லோருக்கும் அந்த இரண்டு பேர் மேலும் ஒரு தனிப் பாசம் உண்டு. லெட்ஜர் பார்த்த நம் சாதிக்காரர்கள் அல்லவா! ஆனால் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ராமானுஜன் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் சேர்ந்தது 1912 மார்ச் 1. சம்பளம் மாதம் 30 ரூபாய். அடுத்த வருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எவ்வளவு தெரியுமா? மாதம் 75 ரூபாய்! சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. அந்த ஜூன் மாதத்தில் எங்கள் மாடிப் பையனுக்கு இப்படி ஒரு ஆஃபர் வந்திருந்தால் மாமா, அத்தை யாருமே வந்திருக்க மாட்டார்கள். பெட்டியைக் கட்டியிருப்பான்.

ராமன் கதை வேறு. 1907-ல் நிதித்துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி, பதினெட்டு வயதில் கல்கத்தாவில் அதிகாரி. பத்து வருஷம் அந்த உத்தியோகம். காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞானச் சங்கத்தின் லேபுக்கு ஓட்டம். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்ஃபர் வேறு. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கு வந்தபோது, கணிசமாகக் குறைந்த சம்பளத்துக்குத்தான் வந்தார். அதற்குள் அவர் உலகம் தெரிந்த ஆராய்ச்சியாளர். அதாவது கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

நம் பையனுக்கு அதற்கு வழியில்லை. அவன் செய்ய நினைப்பது தாழ்வெப்பநிலை பிசிக்ஸ். திரவ ஹீலியம் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி. கேஷ் கவுன்டருக்குப் பின்னால் அதை வைத்துக்கொள்ள எந்த மேனேஜரும் சம்மதிக்க மாட்டார். இப்போது யு.ஜி.சி. விதிகளில் பகுதி நேர பி.எச்டி. உண்டுதான், வேலை பார்க்கிற இடத்தில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கிவந்தால் போதும். ஆனால் வங்கியில் உங்களை திப்ருகருக்கு மாற்றினால், திரவ ஹீலியத்தை ரயிலில் பார்சல் போட முடியுமா?

இத்தனை பேர் சொன்னதில் உருப்படியான கேள்வி கேட்டவர், எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர். சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அஞ்சு வருஷம் கழிச்சு என்ன வேலை தம்பி கிடைக்கும்?"

பையன் பதில் சொல்லாமல் சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அன்று ராத்திரிதான் என்னிடம் வந்து, "அங்கிள், நீங்க சொல்லுங்க" என்று உட்கார்ந்தான்.

என்னை ஏன் கேட்டான்? நான் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். 1994-ல் எம்.எஸ்சி. கணக்கு முடித்த கையோடு எனக்கும் இதே மாதிரி இரண்டு கதவு திறந்தது. ஆபீஸ் கதவு வழியாகப் போனேன். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம், அம்மாவுக்கு வைத்தியம், சொந்தமாக ஒரு ஸ்கூட்டர்... எல்லாம் அந்தக் கதவு வழியாக வந்ததுதான். வருத்தம் எதுவும் கிடையாது. ஆகவே, "நான் விட்டதை நீயாவது பிடிடா" என்று கண்கலங்கி வசனம் பேசுகிற யோக்கியதை எனக்கில்லை. அதனால்தான் என்னிடம் வந்தான் என்று நினைக்கிறேன்.

"சரி, மொய் கவர் ஒண்ணு எடு. பின்பக்கம் கணக்குப் போடலாம்" என்றேன்.

வங்கியில் பி.ஓ.வுக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம், 2024 ஒப்பந்தப்படி 48,480 ரூபாய். படிகள் சேர்த்து, பிடித்தம் போக, கையில் அறுபதாயிரத்துக்குக் குறையாது. இந்தப் பக்கம், ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரியிலிருந்து 37,000. இரண்டு வருஷம் கழித்து 42,000. பையன் சந்தோஷமாக, "அப்ப வித்தியாசம் ரொம்ப இல்லையே அங்கிள். ஃபீஸ் கட்டறதுகூடப் பெரிசா இல்லை. ஃப்ரீ மாதிரிதான்" என்றான்.

இந்த 'ஃப்ரீ'தான் ஏமாற்றுகிற வார்த்தை. மாதம் இருபத்தைந்தாயிரம் வித்தியாசம் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொண்டாலும் அறுபது மாதத்துக்குப் பதினைந்து லட்சம். வங்கியில் ஏறுகிற இன்கிரிமென்ட், பஞ்சப்படியெல்லாம் தனி. நீங்கள் கட்டுகிற ஃபீஸ் மட்டும்தான் படிப்பின் விலை என்று யார் சொன்னது? வாங்காமல் விட்ட சம்பளமும் விலைதான். அதற்கு ரசீது கிடையாது, அவ்வளவே.

பையன் முகம் சுருங்கிப்போனது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இருடா, இன்னொரு கணக்கும் இருக்கு" என்றேன்.

'இந்த சான்ஸை விட்டா திரும்ப வராது' என்று ஆளாளுக்கு அவனைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். அது பாதி பொய். பி.ஓ. பரீட்சைக்கு வயது வரம்பு முப்பது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால், கிரீமி லேயரில் வராதவர்களுக்கு, மூன்று வருஷம் சலுகை. இவனுக்கு அந்தச் சலுகை உண்டு. இருபத்தெட்டு வயதில் பி.எச்டி. முடித்து வெளியே வந்தாலும் பரீட்சை எழுத வருஷம் மிச்சம் இருக்கிறது. மீதிப் பாதி நிஜம்: இருபத்து மூன்று வயதில் ஒரு நிமிஷத்தில் போட்ட கணக்கை இருபத்தெட்டு வயதில் அதே வேகத்தில் போட முடியுமா என்பது வேறு விஷயம். லட்சக்கணக்கான பேர் எழுதுகிற பரீட்சை அது.

பணக்கணக்கு அந்த மொய் கவரோடு முடிந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. "உனக்கு நிஜமாவே அந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"பிசிக்ஸ் எனக்கு உயிர் அங்கிள்."

பிசிக்ஸ் உயிராக இருப்பது வேறு, லேபில் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பது வேறு. கிரிக்கெட் உயிர் என்கிறவனெல்லாம் வெயிலில் நாள் முழுக்க ஃபீல்டிங் செய்வானா? அதைத்தான் கேட்டேன். அப்போதுதான் அவன் எம்.எஸ்சி. பிராஜெக்ட் கதையைச் சொன்னான்.

காலேஜில் ஒரு பழைய வேக்கம் பம்ப். எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒரு அளவுக்கு மேல் காற்று போகவே இல்லை. எங்கேயோ லீக். மூன்று நாள் தேடியிருக்கிறான். ஒவ்வொரு மூட்டாக அசிட்டோனைத் துளித்துளியாகத் தெளித்து, மீட்டர் முள் எங்கே துள்ளுகிறது என்று பார்த்தானாம். கடைசியில் ஒரு ரப்பர் வளையத்தில் தலைமுடி! ஒரே ஒரு முடி. அது வழியாகக் காற்று நுழைந்துகொண்டிருந்தது.

"அதை எடுத்துட்டு பம்ப்பை போட்டேன் அங்கிள். முள்ளு இறங்குச்சு பாருங்க... இறங்கிக்கிட்டே இருந்துச்சு. நானும் லேப் அட்டெண்டரும் டீ கூட குடிக்காம பார்த்துக்கிட்டே இருந்தோம்."

ரேங்க் வாங்கின கதையை அவன் இந்த முகத்தோடு சொன்னதில்லை. நான் அப்போதே மனசுக்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன், மறைப்பானேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து லட்சம் என் பணம் அல்லவே.

"நாளைக்கு ஒரு காரியம் பண்ணு. உன் கைடு பெரிய ஆளா, பேப்பர் எத்தனை போட்டிருக்கார்னு பார்க்காதே. அவர்கிட்ட கடைசியா படிச்ச அஞ்சு பேர் இப்ப எங்கே இருக்காங்கன்னு விசாரி" என்றேன். மருமகள் எடுப்பதற்கும் வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் நாலு இடத்தில் விசாரிக்கிற நம்மவர்கள், ஐந்தாறு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்கப்போகிற கைடைப் பற்றி ஒரு போன் கூடப் போடுவதில்லை!

பையன் சமர்த்து. இரண்டு நாளில் பிடித்துவிட்டான். ஐந்தில் ஒருவர் ஜெர்மனியில் தற்காலிக ஆராய்ச்சிப் பணி. ஒருவர் ஐதராபாத்தில் கம்பெனி வேலை. ஒருவர் கேரளாவில் காலேஜ் ஆசிரியர். ஒருவர் இன்னும் தீஸிஸ் எழுதிக்கொண்டிருக்கிறார், ஆறாவது வருஷம். ஒருவர் நடுவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த ஆறாவது வருஷக்காரர்தான் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். "தம்பி, சார் நல்லவர். திட்ட மாட்டார். ஆனா உதவித்தொகை அஞ்சு வருஷத்தோட நின்னுடும். ஆறாவது வருஷத்துக்குக் கையில காசு வெச்சுக்கோ. அப்புறம், மாசாமாசம் ஒண்ணாம் தேதி பணம் வரும்னு நம்பாதே. சேர்ந்து வரும்."

இஸ்திரிக்காரர் கேள்விக்குப் பதில் இதுதான். நிச்சயம் என்று எதுவும் இல்லை. காலேஜ் ஆசிரியர் ஆகலாம் என்றால், அதற்கு நெட், செட் தேறினாலே போதும் என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. உறுதிசெய்துவிட்டது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பி.எச்டி. முடித்த எத்தனையோ பேர் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறார்கள். பெயரில்தான் கௌரவம். வருஷத்துக்குப் பதினோரு மாதச் சம்பளம். மே மாதம் பட்டினி.

இதையெல்லாம் கேட்ட பிறகு, எல்லோருக்கும் தோன்றுகிற நடுவழி அவனுக்கும் தோன்றியது. "ரெண்டு வருஷம் பேங்க்ல இருந்து கொஞ்சம் காசு சேர்த்துட்டு அப்புறம் போறேனே அங்கிள்?"

நல்ல யோசனைதான். இரண்டு கடிதத்தையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். ஜே.ஆர்.எஃப். கடிதத்தின் ஆயுள் இரண்டு வருஷம். அதற்குள் எங்காவது சேர்ந்திருக்க வேண்டும். வங்கி ஆர்டரில் பாண்ட்: மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும், நடுவில் விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும். ஆக, நடுவழிக்கு டிக்கெட் இரண்டு லட்சம்! பெங்களூருக்கு மெயில் போட்டு, இடத்தை இரண்டு வருஷம் வைத்திருக்க முடியுமா என்று கேட்டான். 'முடியாது, மறுபடி இன்டர்வியூ வர வேண்டும்' என்று மறுநாளே பதில். இப்படிக் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. சில இடங்களில் சரி என்றும் சொல்வார்கள். ஆனால் கடிதங்களில் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிறவர்களுக்கு அந்த அப்புறம் வருவதே இல்லை.

அவன் கூடப் படித்தவன் ஒருத்தன், இவனைவிட மார்க் அதிகம், அதே வங்கிப் பரீட்சையில் தேறி, யோசிக்காமல் வேலையில் சேர்ந்துவிட்டான். அப்பா இல்லை. வீட்டு வாடகை அம்மாவின் தையல் மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்து 'டேலன்ட் வீணாகிறது' என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குக் கோபம் வரும். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தான். இரண்டாவது மாதம் மெஷினைப் பரண் மேல் ஏற்றினான்.

அப்படியானால் நம் பையன் வீட்டு நிலவரம் என்ன? அதுதான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவனுக்கே தெரியாது. அப்பா "உன் இஷ்டம்பா, நல்லாப் படி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்மா எதுவும் சொல்வதில்லை.

பதில் சொல்ல வேண்டிய தேதிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ராத்திரி பத்து மணிக்கு அந்த அப்பா கீழே வந்தார். தண்ணீர் மோட்டார் சத்தம் வருகிறது, பார்க்கலாமா என்றார். மோட்டார் ஓடவே இல்லை.

எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர் அவர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், வயது ஐம்பத்தேழு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சொன்னார்.

"சார், பையன்கிட்ட சொல்லாதீங்க. ஆறு மாசமா எனக்கு வெர்னியர் படிக்க முடியலை. கோடு ரெண்டு ரெண்டாத் தெரியுது. பக்கத்துல ஒரு ஐ.டி.ஐ. பையன், அவன்தான் படிச்சுச் சொல்றான். நான் சரி பார்த்த மாதிரி எழுதிக்கிறேன். முதலாளிக்குத் தெரிஞ்சா அம்பத்தெட்டு வரைக்கும்கூட வெச்சுக்க மாட்டாரு."

ரிடையரானால் பி.எஃப். பென்ஷன் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வரும் என்று ஆபீஸில் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வாடகையே ஒன்பதாயிரம். கூட்டுறவு பாங்கில் அம்மாவின் வளையல் அடமானத்தில் இருக்கிறது. பெண் ஒருத்தி பி.காம். கடைசி வருஷம். "அவ கல்யாணத்தை நினைச்சாத்தான் சார் தூக்கம் வரலை. ஆனா அவன் பெங்களூர்னு சொல்றப்ப மூஞ்சி மலருது. நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. சொல்லாதீர்கள் என்கிறார். சொல்லாமல் இருந்தால் அந்தப் பையன் தன் வீட்டைப் பற்றித் தெரியாமலே தீர்மானம் பண்ணுவான். "நான் சொல்லலை. ஆனா நாளைக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. அவன் எந்தப் பக்கம் போனாலும் தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, மோட்டாரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாடி ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் மாடியில் அழுகை, சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. காலையில் பையன் அப்பாவை பைக்கில் உட்கார்த்திக்கொண்டு எங்கேயோ கிளம்பினான். எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்கு! 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது, உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. பரிசோதித்த டாக்டரம்மா சொன்னது ஒரே வார்த்தை: கேடராக்ட். ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வைத்தால் சரியாகிவிடும்.

ஆறு மாதமாக ஒரு மனுஷன் தன் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக நினைத்துப் பயந்து மறைத்தது, அரைமணி நேரத்து ஆபரேஷன் சமாச்சாரம்! லேத் பட்டறையில் எத்தனை துல்லியமாக அளந்தவர், தன் கண்ணை மட்டும் யாரிடமும் காட்டவில்லை.

ஆனால் கண் சரியானாலும் ஐம்பத்தெட்டு வயது ஐம்பத்தெட்டுதானே? கல்யாணச் செலவு அப்படியேதான் நின்றது. அன்று ராத்திரி மாடியில் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மாமா தன் பாட்டுக்கு ஆரம்பித்தார்: "பொண்ணு கல்யாணத்துக்குப் பத்து லட்சம்னு வெச்சுக்குவோம்..."

"மாமா, ஒரு நிமிஷம்" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. பெண்தான். கையில் கரண்டி. "மூணு வாரமா எல்லாரும் என் கல்யாணத்துக்குக் கணக்குப் போடறீங்க. என்னை யாராவது கேட்டீங்களா? எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம். நான் சி.ஏ. இன்டர் எழுதப்போறேன். அண்ணா நகர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல பார்ட் டைம் வரச் சொல்லியிருக்காங்க. பன்னெண்டாயிரம். அண்ணா போனா போகட்டும், போகலைன்னா போக வேண்டாம். என்னைக் காரணமா மட்டும் காட்டாதீங்க."

மாமா காபி கேட்டார். வேறு என்ன கேட்பார்!

நான் அந்த மொய் கவரை மறுபடி எடுத்தேன். பெண்ணின் பன்னிரண்டாயிரம், பையன் அனுப்பக்கூடிய பன்னிரண்டாயிரம் (ஹாஸ்டலும் மெஸ்ஸும் போக அவ்வளவு முடியும் என்றான்), அப்பாவின் பென்ஷன். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வளையல் வட்டிக்கும் இழுத்துப் பிடித்தால் வருகிறது. தாராளம் இல்லை. டி.வி. ரிப்பேரானால் ரிப்பேரானதுதான். பி.எஃப். மொத்தத் தொகையைத் தொடக்கூடாது என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். "யார் வந்து என்ன பிசினஸ் சொன்னாலும் சரி!" என்றேன். சித்தப்பா ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப சொல்லு" என்று பையனைப் பார்த்தார் அப்பா.

அவன் உடனே சொல்லவில்லை. தங்கையைப் பார்த்தான். "ஆறாவது வருஷம்னு ஒண்ணு வந்தா?" என்று அவளைக் கேட்டான்.

"அப்ப நான் உனக்கு ஆடிட்டர் ஃபீஸ் வாங்கிக்கறேன்" என்றாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் சென்ட்ரலில் வண்டி ஏறினான். வங்கிக்கு மறுப்புக் கடிதத்தை மரியாதையாக நாலு வரியில் எழுதி அனுப்பச் சொன்னேன். பதில் போடாமல் இருப்பதைவிட அது நல்லது. அவன் விட்ட இடத்துக்குப் பின்னால் ஒருத்தன் காத்திருப்பான். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி, இப்போது மாடிப்படியில் நின்றுகொண்டு எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் படிக்கிற பேப்பரின் தலைப்பை இங்கிருந்தே படித்துச் சொல்கிறார். ஹெட்மாஸ்டருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆறாவது வருஷக்காரர் சொன்னது பலித்தது. ஆகஸ்டில் சேர்ந்தவனுக்கு உதவித்தொகை டிசம்பர் வரை வரவில்லை. நாலு மாதமும் பன்னிரண்டாயிரம் சம்பளக்காரிதான் மாதம் மூவாயிரம் அவன் போனுக்கு அனுப்பினாள். ஜனவரியில் மொத்தமாக வந்தபோது, அவன் முதலில் அவளுக்குத்தான் திருப்பி அனுப்பினான். அவள் பத்து ரூபாய் குறைகிறது என்று போன் போட்டுச் சண்டை பிடித்தது கீழே எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.